காருக்கு அடியில் ஒழுகுகிறதா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கார் நின்ற இடத்தில் ஈரத்தைப் பார்த்ததும் ஆட்கள் இரண்டு விதமாகச் சூடுபடுகிறார்கள். ஒருவர் பதறிப்போய் ஷெட்டுக்கு ஓடுகிறார். சொட்டியது ஏசி தண்ணீர், மாற்றியது ஆயில் சீல், போனது சில ஆயிரம். இன்னொருவர் "பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார். ஒருநாள் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி இன்ஜின் சீஸாகி, குடும்பத்தோடு ரோட்டோரம் நிற்கிறார். இரண்டு பேருமே பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் கறையை அப்படியே நம்ப முடியாது. இன்ஜினின் தலைப்பகுதியில் கசிந்த ஆயில் பின்பக்கமாக வழிந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் கவரில் தேங்கி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய்ச் சொட்டும். சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. லெவல்தான் ஏமாற்றாது.

கீழே படிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் வாடை வருகிறதா? பிரேக் பெடல் வழக்கத்தைவிட உள்ளே போகிறதா? இன்ஜின் ஓடும்போதும் சிவப்பு ஆயில் விளக்கு அணையாமல் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது டோ வண்டியைக் கூப்பிடுங்கள். மற்றவற்றை நீங்களே நிதானமாகப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

ஏசி ஓடியதா என்று முதலில் யோசியுங்கள். ஏசி போட்டு ஓட்டி வந்து நிறுத்தினால் தண்ணீர் சொட்டத்தான் வேண்டும். பெரும்பாலான நம் ஊர் கார்களில் அது முன்பக்கம் இடது சீட்டின் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே விழும். நிறம் கிடையாது, வாடை கிடையாது, விரலில் வழுக்காது, காய்ந்தால் தடமே இருக்காது. சென்னைப் புழுக்கத்தில் அரை மணி நேரம் ஓட்டினாலே ஒரு சின்னக் குட்டை தேங்கும், கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது அது சொட்டாதபோதுதான். டிரெயின் குழாய் அடைத்தால் தண்ணீர் வெளியே வராமல் ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் இறங்கி, ஊறி, நாற ஆரம்பிக்கும்.

பானெட்டைத் திறந்து எல்லா லெவலையும் பாருங்கள், இன்றைக்கே. எந்தத் திரவம் குறைகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, முழுக்க உள்ளே விட்டு மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை எடுத்ததை நம்பாதீர்கள், அதில் பக்கவாட்டில் தெறித்த ஆயிலும் இருக்கும். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் சரி. அடுத்து கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில் டப்பா, கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியானால் அதன் டப்பாவும். பார்த்த லெவலை டப்பாவின் மேலேயே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரியுங்கள். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த பெரிய அட்டைப்பெட்டி போதும். பிரித்து, அச்சில்லாத பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மையும் ஊறி நிறம் குழம்பும், காற்றில் பறக்கும். நான்கு மூலையிலும் கல் வையுங்கள். முன் சக்கரம் இரண்டும் எங்கே இருக்கின்றன, பம்பர் எங்கே முடிகிறது என்று அட்டையிலேயே கோடு போட்டுவிடுங்கள். காலையில் வண்டியை நகர்த்தியபின் அந்த அட்டைதான் உங்கள் வரைபடம்: எந்தப் பக்கம், எத்தனை சொட்டு, எத்தனை இடத்தில். ஒரே இடத்தில் இரண்டு நிறம் இருந்தால் ஒழுகுவது இரண்டு திரவம்.

சொட்டை வெள்ளைத் துணியில் தொட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் மோந்து பாருங்கள். மெக்கானிக் ஷெட்டில் கைதுடைக்கும் பனியன் வேஸ்ட் ஒரு துண்டு போதும், வெள்ளையாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை தேவை.

பழுப்போ கறுப்போ, விரலில் வழுக்கினால் இன்ஜின் ஆயில். சூடான சைலன்சர் பைப்பில் பட்டால் கருகல் வாடையும் மெல்லிய புகையும் வரும்.

பச்சை, நீலம், சிவப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் போட்டு, லேசாகப் பிசுபிசுத்து, ஒருவித இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ அதே நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். ஈரமே இல்லாவிட்டாலும் இந்தப் பொருக்கு இருந்தால் அங்கே ஒழுகுகிறது என்று அர்த்தம்.

சக்கரத்தின் உள்பக்கத்தில், அல்லது பெடலுக்கு மேலே, வெளிர் மஞ்சளாக, ஆயிலைவிட நீர்த்துப்போய், ஆனால் வழுக்கலாக ஏதாவது இருந்தால் அது பிரேக் ஆயில். ஆறேழு வருடம் மாற்றாமல் விட்ட வண்டியில் டீ டிகாஷன் நிறத்துக்கே போயிருக்கும். பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் ஒழுகினால் டயரின் உள்சுவரில் ஈரக்கோடு தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல கார்களில் கிளட்ச்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. அதனால் பிரேக் ஆயில் குறைந்து, நான்கு சக்கரமும் காய்ந்திருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பாக, ஆயில்போல வழுக்கினால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில். பெரும்பாலும் ஆக்ஸில் நுழையும் இடத்து சீல் போயிருக்கும். சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. அது உடனே கவனிக்க வேண்டியது. பூட் மலிவு, மண் புகுந்து ஜாயின்ட் போனால் செலவு பல மடங்கு.

டீசல் வழுக்கும், வாடை நாள் கணக்கில் போகாது. பெட்ரோல் தடமே இல்லாமல் ஆவியாகிவிடும், வாடை மட்டும்தான் சாட்சி. நீலமாக, சோப்பு வாடையோடு முன்பக்க ஓரத்தில் இருந்தால் கண்ணாடி கழுவும் தண்ணீர். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த நேரத்தில் ஒழுகுகிறது என்று கவனியுங்கள். நிறுத்தி ராத்திரி முழுக்கச் சொட்டுகிறதா, ஓட்டி வந்த சூட்டில் மட்டுமா, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போதா? கூலன்ட் ஓஸ்களில் இது முக்கியம். சில ஓஸ்கள் சூடாகிப் பிரஷர் ஏறினால்தான் கசியும். சில, இன்ஜின் ஆறி கிளிப் சுருங்கும் விடியற்காலையில்தான் கசியும். ஷெட்டில் மத்தியானம் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே சார்" என்று அனுப்பிவிடுவார்கள். எப்போது ஒழுகும் என்று நீங்கள் சொன்னால்தான் அந்த நேரத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

மேலேயிருந்து கீழே தேடுங்கள். ஆயில் கீழ்நோக்கித்தான் வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னாலும் தள்ளும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அங்கேதான் சந்தேகத்தை வையுங்கள். முதலில் ஆயில் ஊற்றும் மூடி, அடுத்து டேப்பட் கவர் பேக்கிங், பிறகு ஆயில் பில்டர், கடைசியாகச் சம்ப் நட். போனை வீடியோவில் வைத்து, டார்ச்சைப் போட்டு, கை போகாத சந்துகளுக்குள் இன்ஜின் ஆறியபின் நீட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கமெல்லாம் தெரியும்.

கடைசியாக யார், எங்கே கை வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சர்வீஸ் முடிந்து வந்த வாரத்தில் ஒழுகல் ஆரம்பித்தால் புதிதாக வியாதி தேட வேண்டாம். சம்ப் நட்டின் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டிருப்பார்கள். அல்லது நட்டை இழுத்து இறுக்கி, அலுமினியச் சம்ப்பின் மரையை அழித்திருப்பார்கள். அல்லது பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைப் பார்க்காமல் மேலே புது பில்டரைத் திருகியிருப்பார்கள். இந்த மூன்றாவதுதான் மோசம். ஷெட்டில் ஒழுகாது, ரோட்டில் பிரஷர் ஏறியதும் இரட்டை வளையம் பிதுங்கி, ஆயில் மொத்தமும் சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடும். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பதே மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில்தான். சர்வீஸ் முடிந்து சாவி வாங்கும்போது இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அடியில் ஒரு தடவை பாருங்கள். பில்டர் மாற்றும்போது வழிந்த பழைய ஆயில் ஒன்றிரண்டு நாள் சொட்டுவது உண்டு; அது தானாக நின்றுவிடும்.

ஆயில் கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். குறைவதை எல்லோரும் பார்ப்பார்கள், கூடுவதை யாரும் பார்ப்பதில்லை. மேல் குறிக்கு மேலே ஊற்றினால் உள்ளே பிரஷர் கூடி சீல்களை ஆயில் தேடிப்போகும். இன்ஜின் மூச்சு விடும் பிசிவி வால்வு அடைத்தாலும் இதே கதை: புது சீல் போட்டுப் போட்டு ஒழுகும், வால்வை மாற்றினால் நின்றுவிடும். பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். குறுகிய தூரமே ஓட்டிக்கொண்டிருந்தால் புகை பில்டரைச் சுத்தம் செய்ய அனுப்பும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் கலந்து லெவலை ஏற்றிவிடும். அந்த ஆயில் நீர்த்த ஆயில்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். கூலன்ட் ஆயிலுக்குள் போகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். தரையில் ஒரு சொட்டு இருக்காது, கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே இருக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வரும். ஒழுகல் என்றால் தரையில்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

அடிபட்ட சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், ரோட்டு நடுவில் கிடக்கும் லாரி டயர்க் கல், மழைத் தண்ணீரில் மூழ்கிய பள்ளம்: "டம்" என்று அடியில் சத்தம் வந்தால் முதலில் வாங்குவது ஆயில் சம்ப். ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, குனிந்து பாருங்கள். ஆயில் வழிந்தால் அதோடு சரி, ஒரு கிலோமீட்டர் கூட வேண்டாம். நேஷனல் ஹைவேயில் இருந்தால் 1033-க்குப் போன் செய்யுங்கள். கிரேன் உதவி கேட்கலாம்.

இதில் பணமும் இருக்கிறது. சம்ப் உடைந்தது விபத்து. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அதற்குக் கிளெய்ம் உண்டு. உடைந்த பின்னும் ஓட்டி, ஆயில் இல்லாமல் இன்ஜின் பிடித்துக்கொண்டால் அது விபத்தின் நேரடிச் சேதம் இல்லை, நீங்கள் ஓட்டியதால் வந்த பின்விளைவு. சாதாரணப் பாலிசியில் பின்விளைவுச் சேதத்துக்குப் பணம் தரமாட்டார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகக் கவர் எடுத்திருந்தால்தான் பேசவே முடியும். சம்ப்பும் லேபரும் சேர்த்து ஆயிரங்களில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போவது இந்த ஒரு கிலோமீட்டரில்தான். நிறுத்திய இடத்திலேயே போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொண்டு, வண்டியை அசைக்கும் முன் இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

எலியைச் சந்தேகப்படுங்கள். வண்டி நாலு நாள் நின்றாலே பானெட்டுக்குள் எலி குடிவந்துவிடும். ஒயரோடு ரப்பர் ஓஸையும் கடிக்கும், பெட்ரோல் ஓஸ் உள்பட. புழுக்கை, கடித்த ஸ்பாஞ்ச் துணுக்கு, காய்ந்த ரொட்டித்துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் ஒவ்வொரு ஓஸையும் பார்த்தபின்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

கழுவி, ஓட்டி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பழைய அழுக்கும் புது ஒழுகலும் ஒன்றாகக் கிடந்தால் எந்த மெக்கானிக்காலும் இடத்தைச் சொல்ல முடியாது. போட்டோ எடுத்தபின் டீகிரீசர் போட்டுத் துடைத்து, இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் புது ஈரம் தனியாகத் தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால், ஆயிலில் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்ப்பது ஒரு வழி. கூலன்ட் என்றால், ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பம்ப் மாட்டிப் பிரஷர் ஏற்றிப் பார்ப்பார்கள். ஊசி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இந்த இரண்டு சோதனையும் செய்யும் ஷெட்டைத் தேடிப் போங்கள். அனுமானத்தில் மூன்று பொருள் மாற்றும் செலவைவிட இது குறைவு.

ஒழுகும் வேகத்தை வைத்து முடிவெடுங்கள். பேக்கிங் ஓரம் ஈரம் பூத்து, தூசி ஒட்டி, லெவல் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை பொறுக்கலாம். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது சகஜம். வாரத்துக்கு வாரம் லெவல் இறங்கினால் இந்த வாரமே. ஒரே ராத்திரியில் இறங்கினால் ஓட்டிப் போகாதீர்கள், தூக்கிப் போகச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலுக்கு இந்தத் தராதரமெல்லாம் கிடையாது.

செய்யக்கூடாதவை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே பிரஷர் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் பிரஷர் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பவரையும் திறக்கச் சொல்லாதீர்கள், அவரும் மனுஷன்தான். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, மேல் ஓஸைத் தொட்டால் கை தாங்குகிறது என்ற பிறகு திறங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான். லேசான மண்ணில் சாய்ந்தால் ஒரு டன் எடை நெஞ்சில். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் தாங்காது, நொறுங்கிவிடும். ஜாக் ஸ்டாண்டு இல்லையென்றால் அடியில் போகவே வேண்டாம். போனை நீட்டி வீடியோ எடுங்கள், அல்லது ஷெட்டில் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓட்டாதீர்கள். பிரேக் பேடு தேயத் தேய லெவல் மெதுவாக இறங்கும், அது இயல்பு. சட்டென்று இறங்கினாலோ எங்காவது ஈரம் தெரிந்தாலோ அது ஒழுகல். நிரப்பினால் விளக்கு அணையும், ஒழுகல் நிற்காது. "பக்கத்து ஷெட்தானே, மெதுவா ஓட்டிப் போயிடலாம்" என்ற பேச்சே வேண்டாம். சிந்திய பிரேக் ஆயில் பெயின்டை அரிக்கும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கை "லெவல் கம்மி" என்று படிக்காதீர்கள். அந்த விளக்கு சொல்வது பிரஷர் இல்லை என்பது. அதாவது பேரிங்குகளுக்கு இந்த நிமிடம் ஆயில் போகவில்லை. அது எரிந்தபின் மிச்சமிருப்பது நிமிடங்கள்கூட இல்லை. அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்; அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்று கணக்குப் போடாதீர்கள்.

ஹீட் மீட்டர் நார்மலாகக் காட்டுகிறது என்று கூலன்ட் பார்க்காமல் இருக்காதீர்கள். கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சாரைத் தொட அங்கே தண்ணீரே இருக்காது. முள் நடுவிலேயே நிற்கலாம், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேட்டரி ஒயரைக் கழற்றவும் அவசரப்படாதீர்கள். ஒரு பொறி போதும், கழற்றும்போதும் அது வரலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் தரையோடு படர்ந்து கிடக்கும். யாரையும் சிகரெட்டோடு பக்கத்தில் விடாதீர்கள். தள்ளி வெளியே கொண்டுவர முடிந்தால் தள்ளுங்கள், தரையில் தேங்கியிருந்தால் விலகி நின்று 101-க்குச் சொல்லுங்கள்.

ஓடும் டீசல் இன்ஜினில் பைப்பைக் கையால் தடவி ஒழுகல் தேடாதீர்கள். இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பில் பிரஷர் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசித்துளை வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் புள்ளியளவுதான் இருக்கும், வலிகூட முதலில் தெரியாது. விரலையே எடுக்க வேண்டிவரலாம். பட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

இன்ஜின் அணைந்திருக்கிறது என்று ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கை விடாதீர்கள். எலக்ட்ரிக் ஃபேன் சூட்டைப் பார்த்துத் தானாகச் சுற்றும்.

கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை நிரந்தரமாக ஊற்றாதீர்கள். ரோட்டில் மாட்டிக்கொண்டால் ஊற்றலாம், ஊர் வந்ததும் எடுத்துவிட வேண்டும். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படியும், துரு பிடிக்கும், வாட்டர் பம்பின் சீல் போகும். இருக்கும் கூலன்டோடு வேறு வகையைக் கலக்கவும் வேண்டாம். சில வகைகள் கலந்தால் கொழகொழவென்று கெட்டிப்படும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகை ஒன்று என்று ஆகாது. மேனுவலில் போட்டிருப்பதையே வாங்குங்கள்.

ஒழுகலை அடைக்கும் பவுடருக்கும் திரவத்துக்கும் மயங்காதீர்கள். அந்தக் காலத்து டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டு ஊர் சேர்ந்திருக்கிறார்கள், சம்ப் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள், டீசல் டேங்குக்குச் சோப்பு அப்பியிருக்கிறார்கள். வழி தெரியாத காட்டில் அது சாமர்த்தியம். ஊருக்குள் இருந்துகொண்டு அதையே செய்தால், ஓட்டையை அடைக்கும் பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

பேக்கிங் போட வேண்டிய இடத்தில் பேஸ்ட்டை அள்ளி அப்ப விடாதீர்கள். சில இடங்களுக்குக் கம்பெனியே சிலிக்கான் பேஸ்ட்தான் சொல்கிறது, அதில் தப்பில்லை. அளவு மீறினால்தான் வம்பு. உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து, சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைக்கும். சின்ன ஒழுகலை நிறுத்தப் போய் ஆயில் பிரஷரே போய்விடும்.

"இன்ஜின் இறக்கணும்" என்ற முதல் வார்த்தைக்கே தலையாட்டாதீர்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால், கிராங்கின் பின்பக்க சீல் என்று சொல்லி இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கச் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மேலே டேப்பட் கவர் பேக்கிங் ஒழுகினாலும் ஆயில் பின்பக்கமாக வழிந்து அதே இடத்தில்தான் வந்து சொட்டும். முதலாவது நாள் கணக்கில் லேபர் கேட்கும், இரண்டாவது ஒரு மணி நேர வேலை. மேலே காய்ந்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு ஷெட்.

ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுது என்று சொன்னால், உங்கள் காரில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இப்போது வரும் சின்ன கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரிக் ஸ்டீயரிங். அதில் ஆயிலே கிடையாது.

பளபளவென்று கழுவிய இன்ஜினைப் பார்த்துப் பழைய கார் வாங்காதீர்கள். விற்பதற்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் செய்தால் எந்த ஒழுகலும் தெரியாது. அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி பானெட்டைத் திறங்கள். விற்பவர் வண்டியை எடுத்த இடத்தில் தரையையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் சொந்த வண்டியிலும் ஹை பிரஷர் தண்ணீரை இன்ஜினுக்குள் அடிக்க விடாதீர்கள். ஆல்டர்னேட்டரிலும் சென்சார் பிளக்கிலும் தண்ணீர் போனால் புதுப் பிரச்சினை.

ஒழுகிய ஆயிலைச் சாக்கடையில் கழுவி விடாதீர்கள். மரத்தூளோ மணலோ போட்டு ஊறவைத்துக் கூட்டி எடுங்கள். கேனில் பிடித்த பழைய ஆயிலை ஷெட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

எந்தத் திரவத்தையும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், கூலன்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், அதுதான் ஆபத்து. தரையில் தேங்கியதைத் தெருநாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் போதும், சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். மீதி கூலன்டைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி டிக்கியிலும் மாடிப்படிக்கு அடியிலும் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பச்சையும் சிவப்புமாக இருக்கும் அந்தத் தண்ணீர் குழந்தைக்கு ஜூஸாகத்தான் தெரியும். தப்பித்தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆரம்பத்தில் ஒன்றும் இல்லாததுபோலவே இருக்கும், மாற்று மருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் பலிக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டில் இருந்தால், அட்டை விரிப்பதற்கு முன்னால் அதை எடுத்து, வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி, குழந்தை கை எட்டாத இடத்தில் வையுங்கள்.